எந்தச் சோதனை, எந்தக் கேள்விக்கு? – கர்ப்பப்பைக்குள் பார்க்கும் வழிகள்

“சென்னையில எடுத்த எச்.எஸ்.ஜி. இங்க செல்லுமா அக்கா?”

நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் நவராத்திரி கொலுவுக்குப் போனால், சுண்டல் கிண்ணத்தோடு அடுப்படிப் பக்கம் ஒதுங்கும் பெண்களில் ஒருத்தியாவது என்னிடம் இதைக் கேட்பாள். கூடத்தில் வைத்துக் கேட்க முடியாத கேள்வி. கூடத்தில் “விசேஷம் ஏதாவது உண்டா?” என்ற வேறொரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து வந்த பெட்டியில் புடவைகளுக்கு நடுவே ஸ்கேன் சென்டர் உறை ஒன்று இருக்கும். உள்ளே ஒரு கறுப்புப் பிலிம், இரண்டு பக்க ரிப்போர்ட், சில சமயம் ஒரு சி.டி. இங்குள்ள டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “சலைன் ஸ்கேன் ஒன்று எடுத்துவிடலாம்” என்கிறார். உடனே இரண்டு சந்தேகம் எழுகிறது. ஊர் டாக்டர் சரியாகப் பார்க்கவில்லையோ? இல்லை, இவர்கள் இன்சூரன்ஸில் பணம் பண்ணப் பார்க்கிறார்களோ?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. அந்தப் பிலிம் ஒரு கேள்விக்கு விடை சொன்னது. இந்த டாக்டர் கேட்பது வேறு கேள்வி. கர்ப்பப்பையைப் பார்க்கும் சோதனைகளைப் பற்றிய குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. மீதிப் பாதி, ஒரு குறை கண்ணில் பட்டுவிட்டாலே அதுதான் குழந்தை தங்காததற்குக் காரணம் என்று முடிவுகட்டிவிடுவதில் இருக்கிறது. நான் மருத்துவர் அல்ல. இந்தச் சோதனைகளில் மூன்றை என் உடம்பில் பட்டவள். பிறகு பல வருடங்களாக இவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்து வருகிறவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கர்ப்பப்பை ஒரு பேரிக்காய் அளவு. நீளம் ஏழெட்டு சென்டிமீட்டர். படங்களில் அது வாய் திறந்த பானை மாதிரி வரையப்படுவதால், உள்ளே வெற்றிடம் இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கடிதம் வைக்காத தபால் உறை போல, தட்டையான முக்கோணம். அந்த உறைக்குள் பாலிப் என்னும் சிறு சதை வளர்ச்சியோ ஒட்டலோ இருந்தால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? உறையை உப்பவைக்க வேண்டும். சாயம் செலுத்துவது, உப்புநீர் செலுத்துவது, கேமரா விடுவது எல்லாம் மூடிக் கிடக்கும் அந்த உறையைத் திறந்து பார்க்கும் வெவ்வேறு வழிகள்தான்.

இவற்றில் எக்ஸ்ரே வழிக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1910இல் ரிண்ட்ஃபிளைஷ் என்ற ஜெர்மானியர் பிஸ்மத் கலவையைக் கர்ப்பப்பைக்குள் செலுத்திப் படம் எடுத்தார். 1914இல் அமெரிக்காவில் கேரி, ரூபின் என்ற இருவரும் தனித்தனியாக வெள்ளிச் சேர்மம் ஒன்றை வைத்து முயன்றார்கள். அது வயிற்றுக்குள் எரிச்சலை உண்டாக்கியது. 1920களில் அயோடின் கலந்த கசகசா எண்ணெயான லிபியோடால் வந்த பிறகுதான் இது ஊன்றி நின்ற சோதனையானது. இன்று நாம் எச்.எஸ்.ஜி. என்பது இதன் வாரிசு. மாதவிலக்கு முழுதாக நின்றபின், கருமுட்டை வெளிவருவதற்கு முன், ஏறக்குறைய ஆறாம் நாளிலிருந்து பதினோராம் நாளுக்குள் எடுப்பார்கள். கர்ப்பப்பை வாய் வழியே மெல்லிய குழாய் விட்டு, சாயத்தைச் செலுத்தி, அது கருக்குழாய்கள் வழியாக வயிற்றுக்குள் சிந்துகிறதா என்று எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள்.

நம் பெண்கள் இதற்கு “டியூப் டெஸ்ட்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மருத்துவப் பெயரைவிட இதுவே சரி. குழாய் திறந்திருக்கிறதா என்ற கேள்விக்கு எச்.எஸ்.ஜி. நல்ல விடை தரும். கர்ப்பப்பையின் உட்புறத்தைப் பொறுத்தவரை அது நிழலை மட்டுமே காட்டும். சாயம் நிரம்பாத ஓர் இடம் வெள்ளைப் பரப்பில் ஓட்டை மாதிரித் தெரியும். அந்த ஓட்டை பாலிப்பாக இருக்கலாம், ஃபைப்ராய்டு கட்டியாக இருக்கலாம், ஒட்டலாக இருக்கலாம். சாயத்தோடு உள்ளே போன காற்றுக் குமிழியாகவும் இருக்கலாம். குழாய் நழுவாமலிருக்க ஊதும் சிறு பலூன் கீழ்ப்பகுதியை மறைத்துவிடும். சாயத்தை அதிகம் செலுத்தினால் சிறிய பாலிப் அதற்குள் மூழ்கிப்போகும். 2000ஆம் ஆண்டு பிரேசிலில் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், பின்னர் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டிரோஸ்கோப்பியில் உறுதியான பாலிப் வகை வளர்ச்சிகளில் பாதியைத்தான் எச்.எஸ்.ஜி. பிடித்திருந்தது. ஆகவே ஊரிலிருந்து வந்த பிலிமில் “கர்ப்பப்பை இயல்பு” என்றிருந்தால், பெரிய கோளாறு எதுவும் கண்ணில் படவில்லை என்று மட்டும் அதைப் படிக்க வேண்டும்.

எச்.எஸ்.ஜி.யைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு இன்னொரு முகம் உண்டு. நெதர்லாந்தில் 27 மருத்துவமனைகளில் 1,119 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. தண்ணீரில் கரையும் சாயத்தால் எச்.எஸ்.ஜி. எடுத்தவர்களில் 28.1 சதவீதத்தினருக்கும், எண்ணெய்ச் சாயத்தால் எடுத்தவர்களில் 38.8 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. பார்ப்பதற்காகச் செய்த சோதனையே சிலருக்குச் சிகிச்சையாகிவிட்டது. குழாயில் தங்கிய கசடு கழுவப்பட்டதாலா, எண்ணெய் வேறேதும் செய்ததாலா என்பதில் கருத்துகள் பல. எண்ணெய்ச் சாயத்தின் அயோடின் உடம்பில் நெடுநாள் தங்கும். எனவே தைராய்டு தொல்லை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சலைன் ஸ்கேன் இதைவிட எளியது. முதலில் உள்ளே வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேன். பிறகு மெல்லிய குழாய் வழியாகச் சில மில்லி உப்புநீர். ஒட்டிக் கிடந்த சுவர்கள் பிரிகின்றன. ஸ்கேன் திரையில் தண்ணீர் கறுப்பாகத் தெரிவதால், அதற்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் பாறை போலத் துலங்கும். கதிர்வீச்சு இல்லை, மயக்கமருந்து இல்லை, பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஐ.வி.எஃப்.க்கு முன் பார்க்கும் பெண்களைப் பற்றிய 20 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் வந்த கணக்கு இது: உள்ளே குறை உள்ள 100 பேரில் 88 பேரைச் சலைன் ஸ்கேன் கண்டுபிடிக்கிறது, குறை இல்லாத 100 பேரில் 94 பேரைச் சரியாக விடுவிக்கிறது. இந்தச் சோதனைக்கும் நாள் முக்கியம். மாதத்தின் பிற்பாதியில் உள்வரி தடித்து மடிப்பு மடிப்பாக இருக்கும். அந்த மடிப்பு பாலிப் வேஷம் போடும். ஊருக்குப் போன இரண்டு வாரத்தில் கிடைத்த நாளில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, “பாலிப் சந்தேகம்” என்ற வரியைச் சுமந்து திரும்பிய பெண்களை எனக்குத் தெரியும். சரியான நாளில் மறுபடி பார்த்தபோது அங்கே ஒன்றுமே இருந்ததில்லை.

பிறவியிலேயே கர்ப்பப்பையின் அமைப்பு மாறியிருக்கும் பெண்களின் கதை வேறு. இதில் சோதனையைத் தவறாகத் தேர்ந்தால் சிகிச்சையும் தவறாகும் என்பதால் சற்று நின்று பேச வேண்டும்.

தாயின் வயிற்றில் பெண் சிசு வளரும்போது கர்ப்பப்பை இரண்டு தனிக் குழாய்களாகத்தான் தொடங்குகிறது. அவை நடுவில் வந்து இணைகின்றன. இணைந்த பிறகு இடையிலிருக்கும் சுவர் கரைந்து ஒரே அறையாகிறது. இணைவது தடைப்பட்டால் கர்ப்பப்பை வெளியிலேயே இரண்டாகப் பிரிந்து இரட்டைக் கொம்பாக நிற்கும். இணைந்தும் நடுச்சுவர் கரையாவிட்டால் வெளியே முழுதாகவும் உள்ளே தடுப்போடும் இருக்கும்; இதைத்தான் செப்டம் என்கிறார்கள். பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த கணக்கின்படி, பொதுவாகப் பெண்களில் 5.5 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு பிறவி அமைப்பு மாற்றம் உண்டு. குழந்தையின்மைக்கு வருபவர்களில் அது 8 சதவீதம். கருச்சிதைவு கண்டவர்களில் 13.3, இரண்டும் சேர்ந்தவர்களில் 24.5.

எச்.எஸ்.ஜி. பிலிமில் இரட்டைக் கொம்பும் செப்டமும் ஒரே மாதிரி, ஆங்கில ஒய் எழுத்தைப் போலத் தெரியும். காரணம் எளிது. சாயம் உள்ளே மட்டும் ஓடுகிறது. வெளிச்சுவர் எப்படியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஹிஸ்டிரோஸ்கோப்பியும் உள்ளிருந்து பார்ப்பதுதான். அதற்கும் வெளிச்சுவர் தெரியாது. செப்டத்தை ஹிஸ்டிரோஸ்கோப்பி வழியே வெட்ட முடியும். இரட்டைக் கொம்பை அப்படி வெட்டத் தொடங்கினால் கத்தி கர்ப்பப்பையைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்விடும். முன்பெல்லாம் இதைப் பிரித்தறிய லேப்ரோஸ்கோப்பி செய்து வெளியிலிருந்தும் பார்த்தார்கள். இப்போது முப்பரிமாண ஸ்கேன் அந்த வேலையைச் செய்கிறது. சாதாரண ஸ்கேன் கருவி கீழிருந்து பார்ப்பதால் கர்ப்பப்பையின் நேர்முகம் அதற்கு அகப்படுவதில்லை. ஒருவரைப் பக்கவாட்டிலேயே பார்த்துக்கொண்டிருப்பது போல. முப்பரிமாண ஸ்கேன் பல வெட்டுகளைச் சேர்த்து அந்த நேர்முகத்தைக் கட்டி எடுத்துத் தருகிறது. அதில் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே படத்தில் நிற்கும். அது போதாத இடத்தில் எம்.ஆர்.ஐ. எச்.எஸ்.ஜி.யை மட்டும் வைத்து “செப்டம், வெட்டிவிடலாம்” என்று யாராவது சொன்னால், எழுந்து இன்னொரு டாக்டரைப் பார்ப்பதே நல்லது.

செப்டம் உறுதியானாலும் பேச்சு முடிந்துவிடுவதில்லை. எவ்வளவு ஆழத்துக்கு மேல் இறங்கினால் அது செப்டம் என்பதிலேயே அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் ஒத்துப்போகவில்லை. ஐரோப்பியச் சங்கங்கள் 2013இல் வெளியிட்ட வரையறைப்படி செப்டம் என்று முத்திரை குத்தப்பட்ட சில கர்ப்பப்பைகள், அமெரிக்கச் சங்கத்தின் வரையறைப்படி இயல்பானவை. ஒரே பெண், ஒரே ஸ்கேன், கடல் தாண்டினால் நோயாளி. வெட்டினால் பலன் உண்டா என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2021இல்தான் வந்தது. அதில் 80 பெண்கள். வெட்டியவர்களில் 31 சதவீதத்தினருக்கும், வெட்டாதவர்களில் 35 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. ஆய்வு சிறியது, போதுமான பெண்களைச் சேர்க்கவே பல வருடம் ஆயிற்று, ஆகவே இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் முப்பது நாற்பது வருடங்களாக உறுதியாகச் சொல்லிவந்த ஒன்றுக்குப் பின்னால் இவ்வளவுதான் சான்று இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வெட்டிக்கொண்டவர்களிடம் அன்று யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஹிஸ்டிரோஸ்கோப்பி நேரில் பார்ப்பது. 1869இல் பாந்தலேயோனி என்ற மருத்துவர், மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு கண்ட 60 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பைக்குள் குழாய் ஒன்றைச் செலுத்தி, வெளிச்சம் பாய்ச்சி, உள்ளே ஒரு சதை வளர்ச்சியைக் கண்டு அதை மருந்திட்டுச் சுட்டதாக எழுதினார். இன்றைய கருவி நான்கைந்து மில்லிமீட்டர் தடிமன்தான். இத்தாலியில் பெத்தோக்கி 1990களில் பரப்பிய முறைப்படி, ஸ்பெக்குலம் போடாமல், கர்ப்பப்பை வாயைக் கவ்விப் பிடிக்காமல் உப்புநீரின் அழுத்தத்திலேயே வழி கண்டுபிடித்து உள்ளே போகலாம். பார்த்த பாலிப்பை அங்கேயே எடுத்துவிடலாம் என்பது மற்ற எந்தச் சோதனைக்கும் இல்லாத வசதி.

அப்படியானால் ஐ.வி.எஃப்.க்குப் போகும் எல்லோருக்கும் இதைச் செய்துவிட வேண்டியதுதானே? அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். 2016இல் லான்செட் இதழ் இரண்டு ஆய்வுகளை ஒன்றாக வெளியிட்டது. நெதர்லாந்தில் நடந்த முதலாவதில், சாதாரண ஸ்கேன் இயல்பாக இருந்த 750 பெண்கள். முதல் ஐ.வி.எஃப்.க்கு முன் பாதிப் பேருக்கு ஹிஸ்டிரோஸ்கோப்பி, பாதிப் பேருக்கு நேரே சிகிச்சை. குழந்தை பெற்றவர்கள் 57 சதவீதம், 54 சதவீதம். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். இரண்டாவதில் இரண்டு முதல் நான்கு முறை ஐ.வி.எஃப். தோற்ற 702 பெண்கள். பிரிட்டன், பெல்ஜியம், இத்தாலி, செக் குடியரசு நாடுகளைச் சேர்ந்தவர்கள். இரு பிரிவிலும் 29 சதவீதம். ஸ்கேனில் குறை எதுவும் இல்லாதபோது, “எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம்” என்று ஹிஸ்டிரோஸ்கோப்பி செய்வதால் குழந்தை வாய்ப்பு கூடுவதில்லை என்பதை இவ்விரண்டும் காட்டின. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டி 2013லேயே ஆரம்பப் பரிசோதனையாக இதைத் தர வேண்டாம் என்று சொல்லியிருந்தது. ஸ்கேனில் ஏதோ தெரிந்து, அதை உறுதிப்படுத்தி எடுக்க வேண்டியிருந்தால் கணக்கே வேறு. அங்கே ஹிஸ்டிரோஸ்கோப்பிதான் சரியான வழி.

எடுத்தால் பலன் உண்டு என்று ஓரளவு தைரியமாகச் சொல்லக்கூடியது பாலிப். ஸ்பெயினில் 2005இல் வெளியான ஆய்வில் விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ.க்குக் காத்திருந்த 215 பெண்கள் இருந்தார்கள். பாலிப்பை எடுத்தவர்களில் 63.4 சதவீதத்தினர் கருவுற்றார்கள்; எடுக்காதவர்களில் 28.2. எடுத்து, பிறகு கருவுற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் முதல் ஐ.யு.ஐ.க்கு முன்பே தானாகக் கருவுற்றார்கள். ஐ.வி.எஃப். செய்பவர்களுக்கும் இதே பலன் வருமா என்பது இவ்வளவு தெளிவாகச் சோதிக்கப்படவில்லை. சில மில்லிமீட்டர் பாலிப்கள் தானாகவும் மறையும்.

ஃபைப்ராய்டைப் பொறுத்தவரை அளவைவிட இடம் பெரிது. உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சென்டிமீட்டர் கட்டி, வெளிப்புறமாக வளர்ந்த ஆறு சென்டிமீட்டர் கட்டியைவிட அதிகம் தொல்லை தரும். ரிப்போர்ட்டில் ஃபிகோ வகை 0, 1, 2 என்றிருந்தால் அறையைத் தொடும் கட்டி என்று பொருள். சுவருக்குள்ளேயே புதைந்து அறையைத் தொடாத கட்டியை வெட்டுவதால் குழந்தை வாய்ப்பு கூடும் என்பதற்குச் சான்று பலவீனம். வெட்டிய தழும்போ தொல்லை தரக்கூடும். சலைன் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டியதன் முக்கியக் காரணமே இதுதான்: கட்டி அறையைத் தொடுகிறதா, இல்லையா?

இனி, அமெரிக்க மருத்துவமனையில் தமிழ்ப் பெண்ணுக்கே உரிய ஒரு விஷயம். உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். நுரையீரலில் வந்து யாருக்கும் தெரியாமல் அடங்கிப்போன காசநோய், இரத்தம் வழியே கருக்குழாய்களில் போய்க் குடியேறும். பிறப்புறுப்புக் காசநோயில் கிட்டத்தட்ட எப்போதுமே குழாய்தான் முதலில் பாதிக்கப்படும். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது கர்ப்பப்பைக்கும் இறங்கி, உள்வரியைத் தின்று, சுவர்களை ஒட்டவைத்துவிடும். காய்ச்சல் இருக்காது, இருமல் இருக்காது. மாதவிலக்கு குறைந்துகொண்டே வரும், அவ்வளவுதான். குறைவாகப் போனால் நல்லதுதானே என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். எச்.எஸ்.ஜி. பிலிமில் மணிமாலை கோத்தது போன்ற குழாயும் குறுகிச் சுருங்கிய அறையும் தெரிந்தால், எழும்பூரிலோ மதுரையிலோ பயிற்சி பெற்ற மருத்துவருக்கு உடனே பொறி தட்டும். நியூ ஜெர்சியில் பயின்ற மருத்துவர் தம் வாழ்நாளில் இதை ஓரிரு முறை பார்த்திருந்தாலே அதிகம். வெறும் ஒட்டல் என்று நினைத்து அதை வெட்டிவிடுவதில் முடியும். சிறுவயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸுக்கு மருந்து சாப்பிட்டது, தாத்தாவுக்குக் காசநோய் இருந்தது, மாதவிலக்கு வருடத்துக்கு வருடம் மெலிந்தது எல்லாவற்றையும் நாம்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். படிவத்தில் அதற்குக் கட்டம் இருக்காது.

ஊரில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. உள்வரித் துணுக்கு ஒன்றை எடுத்து பி.சி.ஆர். மட்டும் செய்து, பாஸிட்டிவ் என்றதும் ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிடுகிறார்கள். கிருமியின் மரபுப்பொருள் துணுக்கு இருப்பதாலேயே நோய் உயிரோடு இருப்பதாகாது, பி.சி.ஆர். தவறாகவும் பாஸிட்டிவ் காட்டும். கிருமி வளர்ப்பு, திசுவில் காசநோய் அடையாளம், லேப்ரோஸ்கோப்பியில் கண்ணுக்குத் தெரியும் புண் ஆகியவற்றில் ஒன்று துணைக்கு வர வேண்டும். கல்லீரலைப் பதம்பார்க்கும் மருந்தை ஆறு மாதம் விழுங்கி, சிகிச்சையில் விலைமதிப்பில்லாத அந்த ஆறு மாதத்தையும் இழந்தபின், “ஒருவேளை அது காசநோயே இல்லை” என்று கேட்பதைப் போல் கொடுமை வேறில்லை.

இரண்டாவது குழந்தைக்காக வருகிறவர்களிடம் இப்போது புதிதாகக் கவனிக்கப்படுவது சிசேரியன் தழும்பு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்தியச் சராசரி 21.5. தைத்த இடம் சரியாக ஆறாமல் சிலருக்கு உட்புறத்தில் ஒரு குழி விழும். அதில் பழைய இரத்தம் தேங்கி, மாதவிலக்கு முடிந்த பிறகும் பழுப்பாகச் சில நாள் கசியும். ஐ.வி.எஃப்.இல் எம்பிரியோவை (கருவை) வைக்கும் நேரத்தில் அறைக்குள் நீர் கோத்துக்கொண்டால், வைப்பதைத் தள்ளிப்போட வேண்டிவரும். இந்தக் குழியைச் சாதாரண ஸ்கேனைவிடச் சலைன் ஸ்கேன் நன்றாகக் காட்டும். முதல் குழந்தை சிசேரியன் என்றால், பழுப்புக் கசிவைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அமைப்பைப் பார்க்கும் சோதனைகளுக்கு அப்பால், உள்வரியின் “தயார்நிலை”யைப் பார்ப்பதாகச் சொல்லும் சோதனைகள் வந்திருக்கின்றன. ஸ்பெயினில் உருவான ஈ.ஆர்.ஏ. அவற்றில் பெயர்பெற்றது. உள்வரித் துணுக்கின் மரபணு இயக்கத்தை அளந்து, எம்பிரியோவை எந்த நேரத்தில் வைப்பது என்று சொல்வதே அதன் வாக்குறுதி. அமெரிக்காவில் 767 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. சோதனை சொன்ன நேரத்தில் வைத்தவர்களில் 58.5 சதவீதத்தினருக்கும், வழக்கமான நேரத்தில் வைத்தவர்களில் 61.9 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. இதற்குப் பிறகும் ஒரு துணுக்கு எடுக்கும் வலியையும், ஒரு மாதத் தாமதத்தையும், இன்சூரன்ஸ் பெரும்பாலும் தராத பணத்தையும் பெண்கள் தலையில் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

எங்கள் மாநிலத்திலேயே, நியூ ஜெர்சி ஆய்வாளர்கள் முன்னின்று 2021இல் வெளியிட்ட கணக்கு ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அமைப்பில் குறையில்லாத கர்ப்பப்பை கொண்ட 4,400க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, குரோமோசோம் சோதனையில் தேறிய எம்பிரியோக்களை ஒவ்வொன்றாக வைத்தார்கள். மூன்று முறைக்குள் கரு தங்கியவர்கள், கூட்டுக் கணக்கில், 95.2 சதவீதம். இடையில் நின்றுவிட்டவர்களுக்கும் அதே வாய்ப்பு இருந்திருக்கும் என்று கொண்டு போட்ட கணக்கு என்பதால் கொஞ்சம் குறைத்தே மதிக்க வேண்டும். அப்படியும், முதல் எம்பிரியோ தங்காததுமே கர்ப்பப்பையின்மேல் பழிபோட்டு ஏழெட்டுச் சோதனைகளை அடுக்குவதற்கு அதில் இடமில்லை. பல நேரங்களில் எம்பிரியோவில் இருக்கும் குறைக்குக் கர்ப்பப்பை பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் வீடுகளில் மருமகள் பதில் சொல்வது மாதிரி.

வலியைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியாது. எனக்கு முதல் எச்.எஸ்.ஜி. எடுத்தபோது “லேசாக இழுக்கும்” என்று மட்டும் சொன்னார்கள். பலூனை ஊதியபோது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இதற்கே அழுதால் பிரசவத்தில் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். எல்லோருக்கும் அப்படி வலிப்பதில்லை; சிலர் எழுந்து நேரே ஆபீசுக்குப் போவார்கள். ஆனால் வலிக்கக்கூடும் என்று முன்கூட்டியே சொல்வதும், ஒரு மணி நேரம் முன்னால் ஐபுப்ரொஃபென் போட்டுக்கொள்ளச் சொல்வதும், “நிறுத்துங்கள்” என்றால் நிறுத்துவதும் செலவில்லாத காரியங்கள். குழாயைப் பார்க்க எக்ஸ்ரேக்குப் பதில் ஸ்கேனிலேயே நுரை செலுத்திப் பார்க்கும் முறைக்கான பொருளுக்கு 2019இல் அமெரிக்க மருந்து ஆணையம் அனுமதி தந்தது. நெதர்லாந்து ஆய்வுகளில் எச்.எஸ்.ஜி.யைவிட இது குறைவாக வலித்தது. உங்கள் கிளினிக்கில் உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பணம். நியூ ஜெர்சியில் 2001 ஆகஸ்ட் 31 அன்று கையெழுத்தான சட்டம், 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் குழு இன்சூரன்ஸ் குழந்தையின்மைச் சிகிச்சையையும் அதற்கான சோதனைகளையும் ஏற்க வேண்டும் என்கிறது. ஆனால் நம்மவர்கள் வேலை பார்க்கும் பெரிய கம்பெனிகள் பல, இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் அட்டையில் இருந்தாலும், பணத்தைத் தாங்களே போடுகின்றன. அவற்றை 1974ஆம் வருடத்து மத்தியச் சட்டம் மாநிலச் சட்டத்திலிருந்து விடுவிக்கிறது. “எங்கள் திட்டம் செல்ஃப் ஃபண்டடா?” என்று எச்.ஆரிடம் கேட்பதுதான் முதல் வேலை. டெக்ஸாஸில் ஐ.வி.எஃப். காப்பீட்டைக் கம்பெனிக்கு முன்வைக்க வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. கம்பெனி வேண்டாம் என்று சொல்லலாம். கலிபோர்னியாவில் பெரிய குழுத் திட்டங்களுக்கான புதிய சட்டம் 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பே ஏரியாவுக்கு மாற்றலாகிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்னொன்று: அதிக இரத்தப்போக்கோ இடைக்கசிவோ உண்மையாகவே இருந்தால் டாக்டரிடம் சொல்லி எழுதவையுங்கள். அதே சலைன் ஸ்கேன், அதே ஹிஸ்டிரோஸ்கோப்பி, குழந்தையின்மை என்ற காரணத்தில் மறுக்கப்படும் திட்டத்திலும் இரத்தப்போக்கு என்ற காரணத்தில் ஏற்கப்படுவதுண்டு.

சரி, சென்னையில் எடுத்த எச்.எஸ்.ஜி. செல்லுமா? குழாயைப் பொறுத்தவரை, அதற்குப் பிறகு தொற்றோ அறுவையோ வயிற்றுவலியோ வராதிருந்தால் பெரும்பாலும் செல்லும். நேரே ஐ.வி.எஃப்.க்குப் போகிறவர்களுக்குக் குழாய் திறந்திருக்கிறதா என்பதே பெரிதாகத் தேவைப்படாது. குழாய் நீர்கோத்து வீங்கியிருக்கிறதா என்பதுதான் தேவை. அந்த நீர் கீழே வழிந்து எம்பிரியோவைக் கெடுக்கும் என்பதால், வீங்கிய குழாயை முன்னதாகவே எடுப்பதோ அடைப்பதோ வழக்கம். உள்ளறையைப் பொறுத்தவரை அந்தப் பிலிம் போதாது. பெரும்பாலான கிளினிக்குகள் எம்பிரியோ வைப்பதற்கு முந்தைய ஓராண்டுக்குள் எடுத்த சலைன் ஸ்கேனோ ஹிஸ்டிரோஸ்கோப்பியோ கேட்கும். நடுவில் ஒரு கருச்சிதைவும் டி அண்ட் சி-யும் நடந்திருந்தால், ஆறு மாதத்துக்கு முன் எடுத்ததும் பழையதாகிவிடும். சுரண்டிய இடத்தில் ஒட்டல் வருவது அப்போதுதான்.

பெட்டியில் வைக்கும்போது ரிப்போர்ட்டை மட்டும் வைக்காதீர்கள். ரிப்போர்ட் ஒருவர் பார்த்துச் சொன்ன கருத்து; படம் இருந்தால் இன்னொருவர் மறுபடி பார்க்கலாம். ஸ்கேன் சென்டரில் படங்களைச் சி.டி.யிலோ பென் டிரைவிலோ முழுதாகக் கேளுங்கள். முப்பரிமாண ஸ்கேன் என்றால் நேர்முகப் படம் அதில் இருக்கிறதா என்று அங்கேயே திறந்து பார்த்து வாங்குங்கள். உறையின் மேல் ஸ்கேன் எடுத்த தேதியோடு, அது மாதவிலக்கின் எத்தனையாவது நாள் என்பதையும் எழுதிவையுங்கள்.